கறுப்பின மாணவர்களுக்கான வேலை, சேவை, பயிற்சி வாய்ப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வசந்தகால விடுமுறை முடிந்து மார்ச் மாதம் வளாகத்துக்குத் திரும்பியதும், "இந்தக் கோடைக்கு ஏதாவது இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?" என்று வேலைவழிகாட்டி அலுவலகத்தில் வந்து நிற்கும் மாணவர்கள் எல்லா அமெரிக்கக் கல்லூரிகளிலும் உண்டு. கேள்வி சரிதான், மாதம்தான் தப்பு. பெரிய முதலீட்டு வங்கிகள் மூன்றாம் ஆண்டுக் கோடைக்கான ஆட்களை இரண்டாம் ஆண்டிலேயே எடுத்து முடித்துவிடுகின்றன. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில் நடக்கும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிகளில் பலவற்றுக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே கடைசித் தேதி வந்துவிடும்.

அப்பாவோ மாமாவோ அந்த மாதிரி அலுவலகங்களில் வேலை பார்த்தால் இந்தத் தேதிகள் வீட்டுப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் கறுப்பினப் பிள்ளைக்கு அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1970-ல் சிகாகோவில், நிறுவனங்களில் பயிற்சி வாய்ப்பு தேடித்தரும் இன்ரோட்ஸ் அமைப்பு தொடங்கியது. 1975-ல் பர்டூ பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய கறுப்பினப் பொறியாளர்களின் தேசியச் சங்கம், நெஸ்பி, இன்று நாடு முழுக்கக் கிளைகளுடன் நிற்கிறது. அதன் ஆண்டு மாநாட்டின் வேலைச் சந்தையில் நிறுவனங்கள் அங்கேயே நேர்காணல் நடத்துகின்றன. சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் பையில் இலவசப் பேனாக்களோடு திரும்புவது பெரிய இழப்பு. ரெஸ்யூமேயை முன்கூட்டியே பதிவேற்றி, எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு போக வேண்டும்.

அடுத்த தவறு, திட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துத் தகுதியை முடிவு செய்வது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்குத் தடை போட்டது. தீர்ப்பு மாணவர் சேர்க்கையைப் பற்றியதுதான். ஆனால் அதற்குப் பிறகு வழக்குக்குப் பயந்து பல நிறுவனங்களும் சட்ட அலுவலகங்களும் தங்கள் பயிற்சித் திட்டங்களின் விதிகளை மாற்றிவிட்டன. இதைக் கேள்விப்பட்டு "எல்லாம் மூடிவிட்டார்கள்" என்று விண்ணப்பிக்காமலே விடுபவர்கள் இருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய பட்டியலை நம்பி விண்ணப்பிப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த ஆண்டின் விதியை இந்த ஆண்டுதான் படிக்க வேண்டும்.

மெக்நேர் திட்டத்தை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லத் தோன்றுகிறது. ரொனால்ட் மெக்நேர் தென் கரோலினாவின் லேக் சிட்டி என்ற சிற்றூரில் பிறந்தவர். வட கரோலினா ஏ அண்ட் டி என்ற கறுப்பினக் கல்லூரியில் இயற்பியல் படித்து, எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கி, விண்வெளி வீரரானார். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது இறந்தார். அவர் பெயரில் அமெரிக்க காங்கிரஸ் கொண்டுவந்த திட்டம், குறைந்த வருமானக் குடும்பத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர்களையும், மேற்படிப்பில் குறைவாக இருக்கும் சமூகத்தவர்களையும் முனைவர் பட்டத்துக்குத் தயார் செய்வதற்காக உருவானது. ஒரு பேராசிரியரோடு ஆய்வு, அதற்கு உதவித்தொகை, மேற்படிப்பு விண்ணப்பத்துக்கு ஆள் துணை, எல்லாம் உண்டு. பலர் இதைச் சாதாரண ஸ்காலர்ஷிப் என்று நினைத்துக் கடைசி ஆண்டில் போய்க் கேட்கிறார்கள். அப்போது ஆய்வு செய்யவே காலம் மிஞ்சாது. எல்லா வளாகங்களிலும் இது கிடையாது என்பதால் இரண்டாம் ஆண்டிலேயே விசாரிப்பது நல்லது.

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிப்பது பணக்காரப் பிள்ளைகளுக்கு உரியது என்று ஒதுங்குவதும் இதே வகைதான். குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு அரசு தரும் பெல் கிராண்ட் என்ற உதவித்தொகையை வாங்குபவர்களுக்கென்றே உள்ள கில்மன் ஸ்காலர்ஷிப் 5,000 டாலர் வரை தருகிறது. அதில் இனம் பற்றிய நிபந்தனை கிடையாது.

பணப் பேச்சுக்கு வருவோம். என் பார்வையில் மிகப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. பெயர் பெற்ற இடம் என்பதற்காகச் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை ஏற்றுக்கொண்டு, வாஷிங்டனில் வாடகைக்குக் கடன் வாங்கும் மாணவர் அந்தக் கோடையில் சம்பாதித்திருக்க வேண்டியதையும் சேர்த்தே இழக்கிறார். வெள்ளை மாளிகைகூட 2022-ல்தான் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது. அதுவரை "வெள்ளை மாளிகை இன்டர்ன்" என்ற வரி யாருடைய ரெஸ்யூமேயில் ஏறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சம்பளம் எவ்வளவு, தங்குமிடம் உண்டா, போய்வரும் செலவு யாருடையது என்று கேட்பது மரியாதைக் குறைவே இல்லை. இல்லை என்று பதில் வந்தால் உடனே கல்லூரியில் கேளுங்கள். சம்பளமில்லாப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கென்று பல கல்லூரிகள் தனியாக நிதி வைத்திருக்கின்றன. அதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு.

வொர்க்-ஸ்டடி இன்னொரு குழப்பம். படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்த்துச் சம்பாதிக்க, 1964-ம் ஆண்டுச் சட்டத்தில் வந்த அரசுத் திட்டம் இது. நிதியுதவிக் கடிதத்தில் "வொர்க்-ஸ்டடி 2,500 டாலர்" என்று இருந்தால், கட்டணத்தில் அது கழிந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. வேலையை மாணவரே தேட வேண்டும். செய்த மணி நேரத்துக்குத்தான் காசு, தேடாவிட்டால் ஒன்றும் வராது. நல்ல வேலைகள் செமஸ்டர் தொடங்கிய வேகத்திலேயே தீர்ந்துவிடும். கொஞ்சம் முன்னாடியே போய்க் கேட்டால் ஆய்வகத்தில் இடம் கிடைக்கலாம், தாமதித்தால் நூலகத்தின் இரவு மேசைதான். இந்த நிதியில் குறைந்தது 7 சதவீதத்தைச் சமூக சேவை வேலைகளுக்குக் கல்லூரிகள் செலவிட வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. ஆகவே பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லித்தரும் வேலையைச் சம்பளத்தோடே செய்யலாம். இது தெரியாமல் அதே வேலையை இலவசமாகச் செய்பவர்கள் நிறைய.

வெளியிலிருந்து ஸ்காலர்ஷிப் கிடைத்ததும் கல்லூரி தன் உதவியைக் குறைத்துக்கொள்வதும் நடக்கிறது. மேரிலாந்து மாநிலம் 2017-ல் தன் அரசுக் கல்லூரிகளில் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மற்ற இடங்களில், "குறைப்பதென்றால், திருப்பித் தர வேண்டாத கிராண்டைத் தொடாமல் கடனைக் குறையுங்கள்" என்று நிதியுதவி அலுவலகத்தில் எழுத்திலேயே கேட்டுவிடுங்கள்.

சேவை விஷயத்தில் கறுப்பின மாணவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1960 பிப்ரவரி 1-ல் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகர உணவுக் கடையில் வெள்ளையருக்கு மட்டுமான இருக்கைகளில் போய் உட்கார்ந்த நால்வரும் ஏ அண்ட் டி கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள். இன்றைய சிக்கல் வேறு. வகுப்பில் ஒரே கறுப்பின மாணவர் என்றால், கல்லூரியின் எல்லாக் குழுவுக்கும், எல்லா வரவேற்புக்கும், எல்லா விளம்பரப் படத்துக்கும் அவரையே கூப்பிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் படிப்புதான் அடிவாங்கும். பத்து இடத்தில் பெயர் கொடுப்பதைவிட ஒரே இடத்தில் இரண்டு வருடம் இருந்து பொறுப்பு எடுத்துக்கொள்வது மேல். படிப்பு முடிந்து அமெரிகார்ப்ஸ் என்ற அரசின் சமூக சேவைத் திட்டத்துக்குப் போவதென்றால், சேவை முடிந்ததும் அது தரும் கல்வித்தொகைக்கு வரி உண்டு என்பதைக் கணக்கில் வையுங்கள். 2025-ல் அதன் பல திட்டங்களுக்கு நிதி பாதியிலேயே நின்றுபோனது. அதனால் சேருமுன் நிதி உறுதியாகிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ரெஸ்யூமே. வாரம் இருபது மணி நேரம் சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்துக்கொண்டே படித்த மாணவி அதை எழுதாமல் விட்டுவிடுகிறார், "அதெல்லாம் ஒரு வேலையா" என்று. "காசாளர்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினாலும் பயனில்லை. "முழுநேரப் படிப்போடு வாரம் 20 மணி நேரம், புதிதாகச் சேர்ந்த மூவருக்குப் பயிற்சி, இரவுக் கணக்கு முடிக்கும் பொறுப்பு" என்று எழுதினால் அதே வேலை பேசும். தேவாலயத்தில் பிள்ளைகள் வகுப்பை நடத்தியது, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டது, எல்லாமே எழுதத் தக்கவை.

கறுப்பினச் சங்கங்களின் பெயரை ரெஸ்யூமேயில் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், கறுப்பின அடையாளத்தை நீக்கிய ரெஸ்யூமேக்களில் 25 சதவீதத்துக்கு அழைப்பு வந்தது, நீக்காதவற்றில் 10 சதவீதத்துக்குத்தான். பன்முகத்தன்மையை வரவேற்பதாக விளம்பரம் செய்த நிறுவனங்களும் அதில் குறைவாகப் பாகுபாடு காட்டவில்லை. அதனால் அந்த விளம்பர வரியை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவரிடம் பேசிவிட்டு விண்ணப்பியுங்கள். நெஸ்பி கிளைக்குப் பொருளாளராக இருந்ததை மறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு பணத்துக்குக் கணக்குப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நைஜீரியா, கானா, எத்தியோப்பியாவிலிருந்து வந்து படிப்பவர்களுக்கு விதிகள் வேறு. வொர்க்-ஸ்டடி அவர்களுக்குக் கிடையாது, மேலே சொன்ன கோடைக்கால ஆய்வுப் பயிற்சிகளும் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை உள்ளவர்களுக்கும்தான். நம் ஊரிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகும் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். இன்டர்ன்ஷிப் தொடங்கும் நாளுக்கு முன்பே சி.பி.டி., அதாவது படிப்பின் பகுதியாகப் பயிற்சி வேலை பார்ப்பதற்கான அனுமதி, கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, போலி வேலைகள். ஒரு பேராசிரியர் பெயரில் மின்னஞ்சல் வரும்: வாரம் எட்டு மணி நேரம், 400 டாலர், வீட்டிலிருந்தே உதவியாளர் வேலை. ஒரு காசோலையும் வரும். வங்கியில் போட்டால் கணக்கில் பணம் தெரியும். "உன் சம்பளம் போக மீதிக்குக் கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்பு" என்பார்கள். சில நாளில் காசோலை போலி என்று திரும்பும், வங்கி முழுத் தொகையையும் மாணவரிடமே கேட்கும். அந்தப் பேராசிரியரின் அறைக்கே போய்க் கதவைத் தட்டிக் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே காசோலையைப் போட்டுவிட்டீர்கள் என்றால் ஒரு டாலரும் அனுப்பாமல் அன்றே வங்கிக்கும் வளாகக் காவல்துறைக்கும் சொல்லுங்கள்.