சம்மர் ரீடிங்கைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் முடிப்பது எப்படி

அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், கோடை விடுமுறைக்கு முன்னால் சம்மர் ரீடிங் பட்டியல் ஒன்று, அதாவது விடுமுறையில் படித்து முடிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல், பள்ளியிலிருந்து வந்திருக்கும். என் மூத்த மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் முன், அதைப் பள்ளி திறக்க நாலு நாள் இருக்கும்போதுதான் எடுத்துப் பார்த்தோம். 300 பக்கப் புத்தகம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அழுதுகொண்டே படித்தாள். வாசிக்கப் பிடிக்கிற பிள்ளைக்கே அந்த நிலை.

முதலில் அந்தத் தாளை இரண்டு பேரும் உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள். ரெகுலர் (சாதாரண), ஹானர்ஸ் (கொஞ்சம் கடினமான), ஏ.பி. (கல்லூரித் தரத்திலான) வகுப்புகளுக்குப் பல பள்ளிகளில் தனித்தனிப் பட்டியல் இருக்கும், தங்கைக்கு அக்காவின் பட்டியல் பொருந்தாது. எத்தனை புத்தகம், நாமே தேர்ந்தெடுக்கலாமா, குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டுமா, முதல் வாரத்திலேயே டெஸ்ட் உண்டா? இந்த நாலுக்கும் பதில் கிடைக்காவிட்டால் விடுமுறை தொடங்கும் முன்பே ஆசிரியருக்கு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள், ஜூலையில் பதில் வருவது கஷ்டம்.

அடுத்து, எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலுக்கு 1818, 1831 என்று இரண்டு வடிவங்கள் உண்டு, மேரி ஷெல்லியே பின்னால் திருத்தி எழுதினார். வகுப்பில் எல்லோரும் ஒன்றை வைத்திருக்க, நம் பிள்ளை மட்டும் மற்றதை வைத்துக்கொண்டு பக்கம் தேட வேண்டாம். நூலகத்தில் சீக்கிரமே சொல்லி வையுங்கள், ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அதே புத்தகத்தைத்தான் கேட்பார்கள். நூலக மின்புத்தகங்களை இரவல் வாங்கும் லிப்பி செயலியிலும் காத்திருப்பு வரிசை உண்டு. பழைய நாவல் என்றால் புராஜெக்ட் குட்டன்பெர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆனாலும் பென்சிலால் கோடு போட சொந்தப் பிரதி ஒன்று இருந்தால் நல்லது, பழைய பிரதியே போதும்.

அப்புறம் கணக்கு. 280 பக்கத்தை நாளுக்கு 20 பக்கம் என்று படித்தால் 14 நாள். பள்ளி திறப்பதற்குப் பத்து நாள் முன்னால் முடிகிற மாதிரி பின்னாலிருந்து எண்ணி, தொடங்கும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். ஜூன் முதல் வாரமே முடித்துவிட்டால் செப்டம்பரில் பாதி மறந்திருக்கும், அதுவும் வேண்டாம்.

இருப்பதிலேயே முக்கியம் குறிப்பு எழுதுவதுதான். பல ஆசிரியர்கள் தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்து எழுதக் கேட்பார்கள்: இடது பக்கம் புத்தகத்தின் வரியும் பக்க எண்ணும், வலது பக்கம் நம் யோசனை. 'ஃபிராங்கன்ஸ்டைன்' கதை வால்டன் என்பவர் தன் சகோதரிக்கு எழுதும் கடிதங்களில் தொடங்குகிறது, கதாநாயகன் விக்டர் தன் கதையை அவரிடம்தான் சொல்கிறார். வலது பக்கம் 'வால்டன் கடிதம் எழுதுகிறார்' என்று எழுதினால் அது வெறும் கதைச்சுருக்கம். 'விக்டர் சொல்வதை வால்டன் எழுத, அதைத்தான் நாம் படிக்கிறோம், அப்படியென்றால் யாரை நம்புவது?' என்று எழுதினால் ஒரு கட்டுரைக்கே விதை விழுந்துவிட்டது. படித்த அன்றே ஒன்றோ இரண்டோ எழுதினால் போதும். ஏ.பி. இங்கிலீஷ் லிட்டரேச்சர் எடுக்கிற பிள்ளைக்கு இது இன்னும் உதவும், மே மாதத் தேர்வின் மூன்றாவது கட்டுரைக்குப் படைப்பை மாணவரே தேர்ந்தெடுத்து, புத்தகம் கையில் இல்லாமல் எழுத வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் கதைச்சுருக்கத்தை நம்ப வேண்டாம், ஆசிரியர்களும் அதைப் படித்திருப்பார்கள், அதில் விட்டுப்போன இடத்தில்தான் கேள்வி வரும். ஏ.ஐ.யிடம் குறிப்பு எழுதி வாங்குவது அதைவிட மோசம், மாட்டினால் பெரிய பிரச்சினை. வாசிப்பு மெதுவாக இருக்கிற பிள்ளைக்கு ஆடியோ புத்தகத்தைக் கேட்டுக்கொண்டே பக்கத்தைப் பார்த்து வரச் சொல்லுங்கள், எங்கள் சின்னவனுக்கு அதுதான் கைகொடுத்தது.

புத்தகம் பிடிக்கவே இல்லையா? சரி, அதையும் எழுதட்டும், எந்த இடத்தில் வெறுத்துப்போனது, ஏன் என்று, பக்க எண்ணோடு.