பழைய குவாட் பைக்கில் செல்ஃபும் எடுக்கவில்லை, கியரும் விழவில்லையா? இங்கிருந்து தொடங்குங்கள்

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சித்தப்பா, கடற்கரை விடுதி ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த 110 சிசி குவாட் பைக்கை (நாலு சக்கர பைக்) செகண்ட் ஹேண்டில் வாங்கினார். மூன்றாம் வாரமே செல்ஃப் எடுக்கவில்லை. பட்டனை அமுக்கினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புது பேட்டரி போட்டோம், அதே டிக். புது ரிலே (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) போட்டோம், அதே டிக். கடைசியில் பார்த்தால், எஞ்சினில் எர்த் ஒயர் (பேட்டரி மைனஸிலிருந்து வரும் ஒயர்) மாட்டியிருக்கும் போல்ட் கடல் காற்றில் பச்சைப் பசேலென்று களிம்பேறிக் கிடந்தது. ஒரு துண்டு உப்புத்தாளில் தேய்த்ததும் வண்டி எடுத்துவிட்டது.

“இதுக்காடா இவ்வளவு செலவு பண்ணோம்?” என்றார் சித்தப்பா. அன்றைக்கு நாங்கள் எந்த வரிசையில் பார்த்திருக்க வேண்டுமோ, அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

கையில் என்ன வேண்டும்?

ஒரு மல்டிமீட்டர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும். 8, 10, 12 ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள், கொஞ்சம் வாசலின், பனியன் வேஸ்ட். இவற்றோடு, பின் சக்கரம் இரண்டும் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்த உறுதியான ஸ்டாண்டும் வேண்டும். கியரைச் சோதிக்கும்போது வண்டி பாய்ந்து சுவரில் முட்டினால் அது தனிச் செலவு. இந்த மாதிரி வண்டிகள் பெரும்பாலும் ரோட்டில் ஓட்டப் பதிவு இல்லாதவை. அதனால் ஓட்டிப் பார்ப்பதெல்லாம் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

படி 1: காசு செலவில்லாத சோதனைகள்

ஹேண்டில்பாரில் இருக்கும், எஞ்சினை நிறுத்தும் சிவப்பு கில் சுவிட்ச் ‘ரன்’ பக்கம் இருக்கிறதா? பின்னால் கயிறு கட்டிய பாதுகாப்பு கிளிப் இருந்தால், அது சரியாக மாட்டியிருக்கிறதா? பல வண்டிகளில் பிரேக்கைப் பிடித்தால்தான், அல்லது நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃப் எடுக்கும். பிரேக்கைப் பிடித்தால் பின் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் பிரேக் சுவிட்சில்தான் சந்தேகம். அப்புறம் ஃப்யூஸ். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள், மீட்டரை ‘பீப்’ மோடில் வைத்து இரண்டு முனையையும் தொட்டுப் பாருங்கள்.

படி 2: பேட்டரி

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

முழுதாகக் காட்டுகிறதே என்று அதோடு விடக் கூடாது. செல்ஃப் அமுக்கும்போதும் மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலமிழந்துவிட்டது. எங்கள் வண்டியில் 12.5 அப்படியே அசையாமல் நின்றது. அதிலேயே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். மோட்டார் கரண்டை இழுக்கவே இல்லை, பேட்டரியைக் குறை சொல்லி என்ன பயன்?

(பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.)

படி 3: எர்த்

கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டி என்றால் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும், சிவப்பு முனையை எஞ்சின் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, செல்ஃபை அமுக்குங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் எங்கோ தடை இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, ஒயர் நுனி, போல்ட், அது உட்காரும் இடம் மூன்றையும் உப்புத்தாளால் மின்னும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

ஒயர் நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சீனத்து சின்ன குவாட்கள் பெரும்பாலும் ஹோண்டா வழக்கத்தைப் பின்பற்றுபவை. அதில் எர்த் பச்சை. கறுப்பு ஒயர், சாவி போட்டதும் 12 வோல்ட் வரும் ஒயர். கறுப்புதான் மைனஸ் என்ற பழக்கத்தில் அதைக் கொண்டுபோய் எஞ்சினில் தொட்டால் ஃப்யூஸ் போய்விடும்.

படி 4: ரிலே

ரிலேயில் இரண்டு தடித்த போல்ட் இருக்கும். மீட்டரின் ஒரு முனையை இதிலும் ஒரு முனையை அதிலும் வையுங்கள். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் சொச்சம் காட்டும். செல்ஃபை அமுக்கினால் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வர வேண்டும். ‘டிக்’ சத்தம் வந்தும் 12 அப்படியே நின்றால் உள்ளே காண்டாக்ட் கருகிவிட்டது, ரிலேயை மாற்றுங்கள். பூஜ்யத்துக்கு வந்தும் மோட்டார் சுற்றவில்லை, எர்த்தும் சரி என்றால் செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இரண்டு போல்ட்டையும் ஸ்பேனரால் இணைத்துத் தீப்பொறி பறக்க வைக்கும் வித்தையை சிலர் காட்டுவார்கள். அது வேண்டாம், மீட்டரே சொல்லிவிடும்.

படி 5: மோட்டார் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடும்படி பிடித்து ஸ்பார்க் பாருங்கள். பெட்ரோல் சிந்தியிருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள்.

ஸ்பார்க் இல்லையா? உடனே சிடிஐ (பிளக்கில் ஸ்பார்க் வரவைக்கும் சின்னப் பெட்டி) வாங்க ஓடாதீர்கள். சிடிஐக்கு வரும் ஒயர்களில் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டது கில் ஒயர். அது எர்த்தைத் தொட்டால் ஸ்பார்க் நின்றுவிடும். அதை மட்டும் தற்காலிகமாகக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஸ்பார்க் வந்துவிட்டால் சிடிஐ நன்றாகத்தான் இருக்கிறது. குற்றவாளி கில் சுவிட்சிலோ சாவி சுவிட்சிலோ கயிறு கிளிப்பிலோ ஒளிந்திருக்கிறான். அந்த ஒயர் கழன்றிருக்கும் வரை வண்டியைச் சாவியால் நிறுத்த முடியாது. சோதித்ததும் திரும்ப மாட்டிவிடுங்கள்.

எடுத்த பிறகு சார்ஜிங்கையும் அளந்துவிடுங்கள். ஆக்சிலேட்டர் கொடுத்தால் பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 15-ஐத் தாண்டினால், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. விட்டால் பல்பையும் பேட்டரியையும் சேர்த்துத் தின்றுவிடும்.

படி 6: கியரா, கரண்டா?

நியூட்ரல் லைட் எரியவில்லை என்றதும் கியர்பாக்ஸைச் சந்தேகிப்பது வழக்கம். வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். சக்கரம் தடையில்லாமல் உருண்டால் கியர் நியூட்ரலில்தான் இருக்கிறது, பொய் சொல்வது சுவிட்ச் அல்லது ஒயர். சாவியைப் போட்டு, நியூட்ரல் சுவிட்சுக்கு வரும் ஒயரைக் கழற்றி எஞ்சின் உடம்பில் தொடுங்கள். லைட் எரிந்தால் ஒயரும் பல்பும் நல்லவை, சுவிட்சை மாற்றுங்கள். ஒயர் அப்படித் தொட்டுக்கொண்டிருக்கும்போது செல்ஃபை அமுக்காதீர்கள். கியரில் இருந்தாலும் வண்டி எடுத்துவிடும்.

படி 7: கியர் நிஜமாகவே விழவில்லை

இந்த வண்டிகளில் கிளட்ச் லீவர் கிடையாது. டிவிஎஸ் ஜைவ் பைக் ஓட்டியவர்களுக்குப் புரியும். கியர் பெடலை மிதிக்கும்போதே கிளட்ச் விடுபட்டு, அப்புறம்தான் கியர் மாறும்.

நின்ற இடத்தில் கியர் மாறாவிட்டால் வண்டியை லேசாக முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே மிதியுங்கள். உள்ளே பல்லுக்குப் பல் நேராக வந்தால் தானே விழும், இது கோளாறே இல்லை. அடுத்து பெடலைக் கையால் ஆட்டுங்கள். பெடல் அசைந்து, அது மாட்டியிருக்கும் தண்டு அசையாவிட்டால் பெடலின் உட்பக்கப் பல் தேய்ந்துவிட்டது. சில நேரம் 10 ஸ்பேனரால் போல்ட்டை இறுக்கினாலே போதும்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் ‘கடக்’ என்று முரண்டு பிடித்தால் ஸ்லோ ஸ்பீடை (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) குறைத்துப் பாருங்கள். அது அதிகமாக இருந்தால் கிளட்ச் முழுதாக விடுபடாது. ஆயிலையும் பாருங்கள். எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றும் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மாற்றும்போது ‘ஜாசோ எம்ஏ’ என்று போட்ட பைக் ஆயில் ஊற்றுங்கள். கார் ஆயிலில் கிளட்ச் நழுவ வாய்ப்பு உண்டு.

அதற்கும் மசியாவிட்டால் கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட். எஞ்சினை நிறுத்திவிட்டு, வலது பக்கக் கவரில் லாக் நட்டுக்கு நடுவே இருக்கும் ஸ்க்ரூவைத் தேடுங்கள். நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை வலப்பக்கம் ஒரு சுற்று திருப்புங்கள். பிறகு மெதுவாக இடப்பக்கம் திருப்பி வாருங்கள். கையில் லேசாக இறுக்கம் தெரியும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து மறுபடி வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கு சுற்று. ஸ்க்ரூ அசையாமல் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்குங்கள். உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதன்படி செய்யுங்கள்.

ஓடும்போது கியர் தானாகத் தெறித்து நியூட்ரலுக்கு வந்தால் ஷிஃப்ட் ஃபோர்க்கோ (உள்ளே கியரை நகர்த்தும் கவை) கியர் பல்லோ தேய்ந்திருக்கும். அதற்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டும், நான் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவேன். பார்ட்ஸ் தேடி நீங்களே புதுப்பேட்டைக்குப் போவதாக இருந்தால், கழற்றிய பழைய பாகத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கடைக்காரர் வண்டிப் பெயரைக் கேட்கமாட்டார், பல்லைத்தான் எண்ணிப் பார்ப்பார்.