சைபர் பிரிவுக்கு வரும் இளம் அதிகாரிகள் செய்யும் தவறுகள்

ராணுவ சைபர் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் போர்ப் பயிற்சிகளைப் பார்வையிட அழைக்கிறார்கள். போன மாதம் ஓர் இளம் கேப்டன், நான் அந்த வயதில் செய்த அதே தவறை என் கண் முன்னே செய்தார். பாஸ்வேர்ட், பென் டிரைவ் பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுங்கள்.

முதல் கணினியைக் கண்டதும் துடைப்பது

மால்வேர், அதாவது கேடு செய்யும் மென்பொருள், இருக்கும் கணினி கண்ணில் பட்டதும் கை பரபரக்கும். ஃபார்மட் செய்து, "சரிசெய்தாயிற்று" என்று மேலே அறிக்கை அனுப்பிவிடுவோம். நானும் அனுப்பினேன், பாராட்டும் வாங்கினேன். மூன்றாவது வாரம் அதே ஊடுருவல் வேறொரு சர்வரில் முளைத்தது. ஊடுருவியவன் எப்படி வந்தான், எங்கெல்லாம் போனான் என்று சொல்லக்கூடிய ஒரே தடயத்தை நானே அழித்திருந்தேன். முழுக்க வெளியேற்ற ஐந்து மாதம் ஆயிற்று. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

மின்சாரத்தை அணைத்த உடனே மெமரியில் (ரேமில்) இருந்தது போய்விடும்: ஓடிக்கொண்டிருந்த நிரல், அது தொடர்புகொண்ட முகவரி, சில நேரம் தரவைப் பூட்டிய என்கிரிப்ஷன் சாவிகூட. அப்புறம், உள்ளே வந்தவன் ஒரே வாசலை நம்பி இருக்க மாட்டான். ஒன்றை மட்டும் அடைத்தால், அவனைப் பார்த்துவிட்டோம் என்று நாமே சொல்லி அனுப்புகிறோம். 2008இல் அமெரிக்க ராணுவ வலையமைப்பில் பரவிய ஏஜென்ட்.பிடிஇசட் என்ற, தானே பரவும் புழு நிரலை முழுக்க அகற்ற ஏறத்தாழ 14 மாதம் பிடித்தது.

எனவே முதலில் மெமரியை நகலெடுங்கள். லாக்குகளை, அதாவது கணினியில் நடந்தவற்றின் பதிவுகளை, பத்திரப்படுத்துங்கள். சத்தமில்லாமல் கவனித்து, வாசல்களையெல்லாம் கண்டுபிடித்து, ஒரே இரவில் அடையுங்கள். ரகசியத் தரவு அந்த நிமிடமே வெளியே போய்க்கொண்டிருந்தால் காத்திருக்க முடியாது, துண்டிக்கத்தான் வேண்டும். எதைச் செய்வது என்று முடிவெடுப்பவர் கமாண்டர். இரண்டு வழியிலும் என்ன இழப்போம் என்று அவர் முன் வைப்பது உங்கள் வேலை.

யார் செய்தது என்று அன்றே சொல்வது

2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவைத் தாக்கிய மால்வேரில், வட கொரியாவைக் காட்டும் தடயங்களை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். 2020இல் அமெரிக்கா குற்றம் சாட்டியதோ ரஷ்ய ராணுவ உளவுத்துறை அதிகாரிகள்மீது. முதல் நாள் அறிக்கையில் நாட்டின் பெயர் வேண்டாம்.

கமாண்டரிடம் போர்ட் எண் சொல்வது

போர்ட் எண் என்பது வலையமைப்பில் ஒரு சேவைக்கான எண்; அவருக்கு அது வேண்டாம். எந்தப் பணி நிற்கும், எப்போது மீளும். அதை மட்டும் சொல்லுங்கள்.

குறிப்பேட்டில் உள்ளூர் நேரம் எழுதுவது

யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். எல்லாக் குழுவும் அதிலேயே எழுதட்டும்.