கைபிடிக் குழியில் நகக்கீறல்: அழிக்கப் போய்ப் பெயின்ட்டைக் கெடுக்காதீர்கள்

கறுப்புக் கார் ஒன்றின் சாரதிப் பக்கக் கதவை நல்ல வெயிலில் பாருங்கள். கைபிடிக்குப் பின்னால் இருக்கும் குழியில் பிறை பிறையாக, ஒன்றன் மேல் ஒன்றாக வெள்ளைக் கோடுகள் தெரியும். நகம், மோதிரம், விரலிடுக்கில் தொங்கும் சாவி, இவை மூன்றும் பார்த்த வேலை. வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல் இருக்கும். கண்ணில் படாது, அவ்வளவுதான்.

இந்தக் கோடுகளால் காருக்கு ஒரு கெடுதலும் இல்லை. துருப்பிடிக்காது, பெரிதாகாது. கெடுதல் வருவது பெரும்பாலும் அதை அழிக்க நாம் இறங்கும்போதுதான். திருகோணமலையில் அடிக்கடி கண்ணில் படும் தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

இன்றைய கார்களில் பெயின்ட் என்பது ஒரே பூச்சு அல்ல. தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். நம்மூரில் பலர் அதை லக்கர் என்றே சொல்வார்கள். இந்த நாலும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன்தான் (ஆயிரம் மைக்ரோன் ஒரு மில்லிமீட்டர்). கிளியர் கோட் மட்டும் ஏறக்குறைய 40, 50 மைக்ரோன். ஒரு தலைமயிரின் தடிப்பே சுமார் 70 மைக்ரோன் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பொலிஷ் போட்டால் கீறல் அடைபடும் என்று பலர் நினைக்கிறார்கள். அடைபடாது. கீறலைச் சுற்றியிருக்கும் கிளியர் கோட் கீறலின் அடிமட்டம் வரை தேய்ந்து இறங்குகிறது, அதனால்தான் கோடு மறைகிறது. தேய்த்ததைத் திரும்ப வைக்க வழியில்லை. வெயிலில் நிறம் வெளிறாமல் காப்பதும் இதே படைதான். அதை மெலிய விட்டால் என்ன நடக்கும் என்று பார்க்க, பொனட்டிலும் கூரையிலும் லக்கர் உரிந்து திட்டுத் திட்டாக நிற்கும் பழைய கார்களைப் பார்த்தால் போதும்.

என்ன கீறல் என்று பார்க்காமலே தேய்ப்பது

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும் இதுதான். ஒரு பெயின்ட் பாஸிடம், அதாவது பெயின்ட் அடிக்கும் கைவினைஞரிடம், காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணன், இது பொலிஷ்ல போகுமா?"

"தம்பி, முதல்ல அதுல கொஞ்சம் தண்ணி தொட்டு வைங்க பாப்பம்."

தண்ணீர் பட்டதும் கோடு காணாமல் போனால் கீறல் கிளியர் கோட்டுக்குள்ளேயே நிற்கிறது. கீறலின் விளிம்புகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்பினால் சிதறல் நின்றுவிடும். அடுத்து நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். தடக்கினால் ஆழம். தடக்காமல் வழுக்கிப் போனால் கையாலேயே சரிசெய்யலாம். நனைத்தும் கோடு அப்படியே தெரிகிறது, அதுவும் சாம்பலாகவோ வேறு நிறமாகவோ தெரிகிறது என்றால் பிரைமர் வரை போய்விட்டது. அங்கே எவ்வளவு பொலிஷ் போட்டாலும் வீண்.

இன்னொரு வகையும் உண்டு. பிரதான வீதி நெரிசலில் ஓட்டோ ஒன்று உரசிவிட்டுப் போயிருக்கும். உங்கள் கார் நீலம், கோடு சிவப்பு. பார்த்ததும் நெஞ்சு பக்கென்று இருக்கும், ஆனால் பல நேரம் அது கீறலே அல்ல. மற்ற வண்டியின் பெயின்ட் உங்கள் பெயின்ட்டின் மேல் ஒட்டியிருக்கிறது. மென்மையான பொலிஷ் கொஞ்சம் தொட்டுத் துடைத்தாலே பெரும்பகுதி கழன்று வந்துவிடும். அதற்குத் தின்னர் எடுக்க வேண்டாம். கொம்பனிப் பெயின்ட் ஒருவேளை தாங்கினாலும், டிங்கர் வேலை முடித்து மறுபடி அடித்த இடமாக இருந்தால் தின்னர் அதையே இளக்கிவிடும்.

மணலோடு துடைப்பது

இது கரையோர ஊருக்கென்றே அமைந்த தவறு. நிலாவெளிக்கோ உப்புவெளிக்கோ போய்விட்டு வந்த கார், அல்லது கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியில் நின்ற கார். மேலே தூசி. வீட்டில் ஒரு பழைய சாறன் துண்டை எடுத்து, தண்ணீர்கூடத் தொடாமல், "சும்மா ஒரு துடை" துடைப்பார்கள். மணலின் பெரும்பகுதி குவாட்ஸ் என்ற கனிமம், அது கண்ணாடியையே கீறும். எங்கள் மாவட்டத்தின் வடக்கே புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் இல்மனைட், ரூட்டைல் போன்ற கனிமங்கள் எல்லாம் இருக்கிறது. கூடவே இருக்கும் சிர்கோன் குவாட்ஸையும் விடக் கடினமானது. இதையெல்லாம் துணிக்கும் கிளியர் கோட்டுக்கும் நடுவில் வைத்து இழுத்தால் வருவது நகக்கீறல் அல்ல, கதவு முழுக்கக் கீறல். காலை வெயில் பட்டதும் அது சிலந்தி வலையாகத் தெரியும்.

ஆகவே நகக்கீறலில் கை வைப்பதற்கு முன் முழுக் கதவையும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பிறகு கார் ஷம்பூ. குழிக்குள் குழாயை நேராகப் பிடித்து, கைபிடிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் ஓடி வரும்வரை விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவராக இருக்கும் வீடுகளில் கழுவியதும் துடைத்து உலர்த்திவிட வேண்டும். தானாகக் காய விட்டால் உப்பு வட்டங்கள் பதிந்து, அதை எடுக்கத் தனியாக ஒரு பாடு. துணி கீழே விழுந்துவிட்டால் அதை உதறிவிட்டுத் தொடராதீர்கள். அன்றைக்கு அந்தத் துணிக்கு வேலை முடிந்தது.

பற்பசை, பற்பொடி, பாத்திரம் தேய்க்கும் பச்சைத் துண்டு

பற்பசையில் அராவும் துகள் இருக்கிறது, ஆகவே சின்னக் கோடு கொஞ்சம் மங்கும். அதைப் பார்த்துத்தான் இந்தக் கதை பரவுகிறது. ஆனால் அந்தத் துகள் பல்லின் எனாமலுக்காகச் செய்யப்பட்டது, கிளியர் கோட் எனாமலை விட எவ்வளவோ மென்மை. ஒரு கோடு போன இடத்தில் ஒரு மங்கல் வரும். கைபிடி இடுக்கில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டு நிற்பது வேறு கதை. பற்பொடி இதைவிட மோசம். பச்சைத் துண்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். சுவர்க்கறை துடைக்க விற்கும் வெள்ளை ஸ்பொஞ் கைக்கு மெத்தென்று இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். அதுவும் அராவித்தான் கறையை எடுக்கிறது.

கனமான மருந்தில் தொடங்குவது

ஹார்ட்வெயார் கடையில் ரபிங் கம்பவுண்ட் டின் கிடைக்கும். விலையும் பரவாயில்லை. ஆனால் அதில் பல கரடுமுரடான வகை. பெயின்ட் அடித்து, உப்புத்தாள் பிடித்த பின் சமப்படுத்தத்தான் அது. நகக்கீறலுக்கு அது தேவையே இல்லை. மென்மையான பொலிஷில் தொடங்கி, போகாவிட்டால் மட்டும் ஒரு படி மேலே போவதுதான் முறை. 2000 நம்பர் உப்புத்தாள் "ரொம்ப மென்மை" என்று யாராவது சொன்னால், அவர் தன் காரில் செய்து காட்டட்டும்.

துளையிடும் ட்ரில்லில் பொலிஷ் பஞ்சு மாட்டி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். தட்டையான பொனட்டில் எப்படியோ தப்பிக்கலாம். கதவின் மடிப்பு விளிம்பிலும் குழியின் ஓரத்திலும் பெயின்ட் இயல்பாகவே மெல்லிசு, பஞ்சின் அழுத்தமும் சூடும் அங்கேதான் குவியும். ஓரிரு விநாடியில் அடிநிறம் தெரிந்துவிடும், பிறகு பாஸிடம்தான் போக வேண்டும்.

கைபிடிக் குழிக்கு எந்த மெஷினும் வேண்டாம், உள்ளே போகவும் போகாது. இரண்டு விரலில் மைக்ரோஃபைபர் துணியை மடிப்பு விழாமல் இறுக்கமாகச் சுற்றுங்கள். பயறு அளவு பொலிஷ். முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள் (இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பீர்கள், தேவைப்படுகிறது). முன்னும் பின்னுமாக நேர்க்கோட்டில், பிறகு அதற்குக் குறுக்கே, நடுத்தர அழுத்தத்தில் ஒரு நிமிடம். துணி குழியின் வளைவோடு படிந்து போக வேண்டும், விரல் நுனியால் ஒரே இடத்தைக் குத்தக் கூடாது. துடைத்துவிட்டு போன் டோர்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். முக்கால்வாசி போயிருந்தால் அதோடு நிறுத்துங்கள். மிச்சம் ஒன்றிரண்டு ஆழக் கோடுகளுக்காகக் குழி முழுவதையும் மெலிய வைப்பது நட்டம். இடுக்கில் தேங்கிய பொலிஷை மென்மையான தூரிகையால் எடுத்துவிடுங்கள்.

துணியில் காரின் நிறம் ஏறுகிறதா என்பதையும் கவனியுங்கள். கிளியர் கோட் உள்ள காரில் நிறம் ஏறினால் படையைத் தாண்டிவிட்டீர்கள், உடனே நிறுத்த வேண்டும். கிளியர் கோட் இல்லாமல் அடிக்கப்பட்ட பழைய கார்களில் நிறம் ஏறுவது சாதாரணம். டொயோட்டாவின் 202 என்ற கறுப்பு நிறம் சும்மா தடவினாலே கீறுவதற்குப் பேர்போனது. அந்த நிறம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது, வருடத்தில் ஒருமுறைக்கு மேல் தொடாதீர்கள். நிசான் 2005 இல் அறிவித்த கிளியர் கோட் ஒன்று இருக்கிறது, சின்னக் கீறலைச் சூட்டில் தானே ஆற்றிக்கொள்ளும். அந்தக் காராக இருந்தால் ஒரு வாரம் நம் வெயிலே பார்த்துக்கொள்ளட்டும்.

மற்ற எல்லோருக்கும் வெயில் எதிரி. தகடு கைக்குச் சுடும்போது பொலிஷ் போட்டால் தேய்ப்பதற்குள் காய்ந்து திட்டாக ஒட்டும். வெயில் ஏறுமுன், போர்ட்டிக்கோ நிழலில் வைத்துச் செய்யுங்கள், கடற்காற்று நேரே வராத பக்கமாக.

எண்ணெய் பூசி மறைப்பது

தேங்காயெண்ணெய், துரு இளக்கும் ஸ்ப்ரே, ஏன், சாதாரண மெழுகுகூடக் கீறலை மறைக்கும். தண்ணீர் மறைத்த அதே காரணம்தான். சில கழுவலில் கோடு திரும்பி வரும். வீட்டுக் காரில் இதனால் நட்டமில்லை, எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டுவதைத் தவிர. பழைய கார் வாங்கப் போகிறீர்கள் என்றால்தான் விழிப்பாக இருக்க வேண்டும். இலங்கையில் வாகன இறக்குமதி 2020 இல் நின்று 2025 இல் மறுபடி திறக்கும்வரை இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. "கட் அண்ட் பொலிஷ் புதுசா போட்டது" என்று பளபளவென்று நிற்கும் காரை ஈரத்துணியும் ஷம்பூவும் கொண்டு ஒரு கதவை மட்டும் துடைத்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே ஒரு பதில்.

சரிசெய்த குழியில் மெழுகு ஒரு பூச்சு போடலாம். கைபிடிக் குழிக்கென்று வெட்டிய நிறமில்லாத ஸ்டிக்கர் இன்னும் நல்லது, தரமானதாக இருந்தால். மலிவானது வெயிலில் மஞ்சளாகி, உரிக்கும்போது பசையை விட்டுவிட்டு வரும். கீறலை எடுக்காமல் அதன் மேலேயே ஒட்டினால் கோடுகளைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டியதாகிவிடும்.

ஆழமானதைத் தள்ளிப்போடுவது

மேலே சொன்ன பொறுமை எல்லாம் கிளியர் கோட் கீறலுக்கு. தகடு தெரிகிற கீறலுக்கு நேர்மாறு. மூன்று பக்கமும் கடல் இருக்கும் ஊரில் உப்புக் காற்று பட்ட இரும்பு காத்திருக்காது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் இன்னும் மோசம், பெயின்ட்டுக்கு அடியில் துரு பரவிக் கொப்பளிக்கும். கழுவி, நன்றாக உலர்த்தி, டச்சப் பெயின்ட் ஒரு துளி வையுங்கள். நிறத்தின் குறியீடு பொனட்டுக்குள்ளோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் இருக்கும், அதைப் படமெடுத்துக் கடையில் காட்டினால் போதும். பார்க்க அழகாக வராது, பரவாயில்லை. பம்பரில் பட்ட கீறல் என்றால் அவசரமே இல்லை. அது பிளாஸ்டிக்.