ஏதென்ஸ் காட்டுக் காதல் குழப்பத்தை மேடையேற்றுவது எப்படி?

ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தைப் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் தேவதைகளின் உடைக்கும் விளக்குக்கும்தான் காசைக் கொட்டுகிறார்கள். நாடகம் சரிவது வேறு இடத்தில். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பது பார்வையாளருக்கு ஒரு கணம் பிடிபடாவிட்டாலும் சிரிப்பு நின்றுவிடும். குழம்ப வேண்டியவர்கள் மேடையில் இருப்பவர்கள் மட்டும்தான்.

முதல் ஒத்திகைக்கு முன்பே காதல் கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தொடக்கத்தில் லைசாண்டர், டெமிட்ரியஸ் இருவருமே ஹெர்மியா பின்னால். ஹெலனாவை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. இரண்டாம் அங்கத்தில் குறும்புத் தேவதை பக், விழித்ததும் முதலில் காண்பவரைக் காதலிக்க வைக்கும் பூச்சாற்றை ஆள் மாறித் தூங்குபவன் கண்ணில் பிழிந்ததும் லைசாண்டர் ஹெலனாவிடம், ஹெலனா டெமிட்ரியஸிடம், அவன் ஹெர்மியாவிடம், அவள் லைசாண்டரிடம் என்று முழு வட்டமே சுற்றுகிறது. மூன்றாம் அங்கத்தில் ஆண்கள் இருவரும் ஹெலனா பின்னால். பெண்கள் இருவரின் மனமும் கடைசிவரை மாறுவதே இல்லை. நடிகைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பக் வேண்டுமென்றே ஆள் மாற்றுவதில்லை. ஒரு பெண்ணை வெறுத்து ஒதுக்கும் இளைஞனின் கண்ணில் சாறு பிழியச் சொல்லும் தேவதை அரசன் ஓபரான், அவனுக்குத் தரும் அடையாளம் ஏதென்ஸ் உடை மட்டுமே. எனவே ஆண்கள் இருவருக்கும் ஒரே தையல், ஒரே துணி. இடைக்கச்சையில் மட்டும் நிறம் மாறட்டும். ஹெர்மியா கூச்சப்பட்டு லைசாண்டரைத் தள்ளிப் படுக்கச் சொல்வதால்தான், இவளை வெறுத்து ஒதுங்கியவன் இவன்தான் என்று பக் முடிவு கட்டுகிறான். இருவருக்கும் இடையே குறைந்தது 6 அடி விடுங்கள். இடம் போதாமல் பக்கத்தில் படுக்க வைத்தால் பக் வெறும் முட்டாளாகிவிடுவான்.

காதல் சாறு தேவதை அரசி டைடானியா, லைசாண்டர், டெமிட்ரியஸ் என மூவர் கண்ணில் விழுகிறது. மயக்கத்தை நீக்கும் மாற்றுச் சாறு இருவருக்கு மட்டும்: லைசாண்டர், டைடானியா. காதல் சாறு விழும் மூன்று முறையும் ஒரே கையசைவு, ஒரே ஒலி. மாற்றுச் சாறுக்கு வேறு மலர், வேறு ஒலி. பூ கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் பூ போதாது. கண்ணருகே நிஜமாகவே திரவம் வேண்டாம், இமைக்கு ஒரு சாண் மேலே பிழிவதாகக் காட்டினால் போதும். 1970-இல் ஆங்கில இயக்குநர் பீட்டர் புரூக் இந்த நாடகத்தை இயக்கியபோது, குச்சி முனையில் சுழலும் ஒரு தட்டுதான் பூ!

லைசாண்டர் விழிக்கும் இடத்தில் பல குழுக்கள் கண் கசக்க, கொட்டாவி விட நேரம் கொடுக்கின்றன. கொடுக்காதீர்கள். மூலத்தில் ஹெலனாவின் வரி முடியும் இயைபிலேயே அவன் முதல் வரி முடிகிறது. தமிழில் எழுதும்போதும் அதைக் காப்பாற்றலாம்:

“மூச்சிருந்தால் லைசாண்டர், எழுந்திரு!”
“உனக்காகத் தீயில் குதிப்பேன், பார்த்திரு!”

நடுவே மூச்சுவிடும் இடைவெளிகூட விழக் கூடாது. அவனுக்கு யோசிக்க நேரமில்லை என்பதே சிரிப்பு.

மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சிதான் மலை. 450 வரிகளுக்கு மேல் ஓடும். மூன்று பேரும் கூட்டுச் சேர்ந்து தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று ஹெலனா மனமார நம்ப வேண்டும். அந்தக் கோபம் நிஜமாக இருந்தால்தான் காட்சி நிற்கும். ஹெர்மியாமேல் விழும் ‘குள்ளச்சி’ வசை எடுபட ஹெலனா கண்கூடாக உயரமாக இருக்க வேண்டும். உயர வித்தியாசம் போதாவிட்டால் ஹெர்மியாவுக்குத் தட்டைச் செருப்பு, ஹெலனாவுக்கு 5 செ.மீ. குதி. தன்னைப் பற்றிக்கொள்ளும் ஹெர்மியாவை லைசாண்டர் உதறும்போது பிடியின் கட்டுப்பாடு ஹெர்மியாவின் கையில் இருக்கட்டும்; அவன் இழுப்பதுபோல் பாவனை செய்வான், விழும் நேரத்தை அவளே தீர்மானிப்பாள். வசனமில்லாமல் பாதி வேகத்தில் பழகிய பிறகுதான் முழு வேகம். நால்வரும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் யாரும் கண்ணில் பட மாட்டார்கள்: பேசுபவர் நகரட்டும், மற்றவர் நிற்கட்டும்.

காட்டில் நாடக ஒத்திகை பார்க்கும் நெசவாளி பாட்டமுக்குப் பக் மாட்டிவிடும் கழுதைத் தலையில் அழகைவிட வாய்தான் முக்கியம். முகத்தை மூடினால் வசனம் முழுக்க உள்ளேயே அமுங்கிவிடும். நெற்றிக்கு மேல் உட்காரும் ஃபோம் தலை, நூலால் ஆடும் காது, தாடைக்குக் கீழே வெல்க்ரோ. அவன் புதருக்குள் போய்த் திரும்பிவர ஒத்திகையில் கூட நடிக்கும் ஃப்ளூட் என்பவனின் சில வரிகள்தான் அவகாசம், எனவே மாட்டிவிட ஓர் ஆள் தயாராக நிற்க வேண்டும். கழற்றுவது பார்வையாளர் கண்முன், பக்கின் கையால். ஒரே இழுப்பில் வர வேண்டும்.

நேரம் குறைக்க வெட்டும்போது முதல் அங்கத்தில் ஒரு செய்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: டெமிட்ரியஸ் முன்பு ஹெலனாவைக் காதலித்தவன் என்று லைசாண்டர் போட்டுடைப்பது. டெமிட்ரியஸின் கண்ணிலிருந்து சாறு நீக்கப்படுவதே இல்லை. அந்த வரி காதில் விழாதவர்களுக்கு, நான்காம் அங்கத்தில் அவன் ஹெலனாவின் கையைப் பிடிப்பது மந்திரத்தின் வேலையாக மட்டுமே தெரியும்.