பல் விழுந்தால் பாலைத் தேடுங்கள்

போன கோடை விடுமுறையில் தெருவில் கிரிக்கெட். அக்கா மகனுக்குப் பத்து வயது. கார்க் பந்து நேரே வாயில் பட்டு, மேல் முன்பல் ஒன்று வேரோடு மண்ணில் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் நல்ல மனதோடு அதை எடுத்து, குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, டிஷ்யூ பேப்பரில் சுற்றித் தந்தார். நானும் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஓடினேன். பல் டாக்டர் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வீட்டுல பால் இல்லையா?"

விழுந்த பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். பல் மறுபடி எலும்போடு சேர அதில் உள்ள செல்கள் உயிரோடு இருக்க வேண்டும். தேய்த்தால் அந்தச் சவ்வு உரிந்துபோகும். வெறுமனே காயவிட்டாலும் அரை மணி நேரத்திலேயே செல்கள் சாகத் தொடங்கிவிடும். தண்ணீரில் ஊறினால் உப்பிப்போய் வெடிக்கும். பாலில் அந்தத் தொல்லை இல்லை; சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

அடுத்த முறை நான் செய்யப்போவது இதுதான்:

1. பால்பல்லா என்று பாருங்கள். முன்பற்கள் ஆறு வயதிலிருந்து எட்டு வயதுக்குள் மாறிவிடும். பால்பல் சின்னதாக, வெள்ளையாக இருக்கும். நிலைப்பல் பெரிது, சற்று மஞ்சள். பால்பல்லைத் திருப்பிப் பொருத்தவே கூடாது, உள்ளே வளரும் நிலைப்பல் கெட்டுவிடும். ஆனாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பல் கிடைக்கவில்லையென்றால் கட்டாயம் காட்டுங்கள், மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம்.

2. நிலைப்பல் என்றால், கடிக்கிற வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். வேரில் விரல் படக் கூடாது.

3. மண் ஒட்டியிருந்தால் கொஞ்சம் பாலை ஊற்றி அலசுங்கள். சோப்பு, பிரஷ், துணி எதுவும் வேண்டாம்.

4. பையன் தெளிவாக இருக்கிறானா? பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்பக்கம் எது என்று தெரிந்துகொண்டு, அதே குழியில் மெதுவாக அழுத்தி உட்கார வையுங்கள். சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கடிக்கச் சொல்லுங்கள். எழுதுவது சுலபம், ரத்தத்தைப் பார்த்தால் கை நடுங்கும். முடியாவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

5. டம்ளரில் குளிர்ந்த பாலை ஊற்றி, பல் மூழ்கும்படி போடுங்கள். பாக்கெட் பாலே போதும், சர்க்கரை சேர்க்காதது. காய்ச்சியதென்றால் நன்றாக ஆறியிருக்க வேண்டும். தயிர், மோர் புளிப்பு, அவை ஆகாது. பால் கிடைக்காத இடத்தில், அடிபட்டவரையே ஒரு கிண்ணத்தில் எச்சில் துப்பச் சொல்லி அதில் போடுங்கள்.

6. அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போய்ச் சேருங்கள். பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பியால் சுமார் இரண்டு வாரம் கட்டிவைப்பார்கள். டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.

அடிபட்டபோது மயக்கமோ வாந்தியோ வந்தால் பல் அப்புறம், தலைக்காயம் முதலில். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

எங்கள் பையனுக்கும் பல்லைப் பொருத்திக் கட்டினார்கள். ஆனால் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையலாம், இளைஞனானதும் வேறு வழி பார்க்க வேண்டியிருக்கும் என்று அப்போதே சொல்லிவிட்டார் டாக்டர்.

மற்ற பல் தொல்லைகள் பெரும்பாலும் இவ்வளவு கெடுபிடி இல்லாதவை. பல் உடைந்தால் துண்டைத் தேடி எடுத்து அதையும் பாலில் போட்டுக் கொண்டுபோங்கள், பல நேரம் அதையே ஒட்டிவிடுவார்கள். பல்மேல் டாக்டர் மாட்டிய உறை (கேப்) கழன்றுவிட்டால் டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். அவசரத்துக்கு என்று ஐந்து ரூபாய் பசையை வைத்து ஒட்டாதீர்கள். சிரிக்காதீர்கள், ஒட்டியவரை எனக்குத் தெரியும்.

நடுராத்திரி பல்வலிக்கு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். இடுக்கில் ஏதாவது சிக்கியிருந்தால் நூலால் எடுங்கள். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு, வலிக்கிற பல்லில் மட்டும் வையுங்கள். ஈறில் வழிந்தால் எரியும். ஒத்துக்கொள்கிறவர்கள் பாராசிட்டமால் விழுங்கலாம். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கிவைப்பது சில வீடுகளில் இன்னும் நடக்கிறது. அந்த இடம் வெந்து புண்ணாகிவிடும்.

பல் பிடுங்கிய பிறகு ரத்தம் கசிந்தால், ஈரப் பஞ்சுத்துணியை அந்தக் குழிமேல் வைத்து இருபது, முப்பது நிமிடம் அழுத்திக் கடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துப்பிக்கொண்டே இருந்தாலும் ஸ்ட்ராவில் உறிஞ்சினாலும் உறைந்த ரத்தம் பெயர்ந்து வந்துவிடும். அரை மணி கழித்தும் நிற்கவில்லையென்றால் டாக்டர்தான்.

கன்னம் வீங்கினால் நம் கை தானாகத் தவிட்டு ஒத்தடத்துக்குப் போகும். வேண்டாம், சீழ் வீக்கத்துக்குச் சூடு ஆகாது. வெளியே துணியில் சுற்றிய ஐஸ் வைத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் வீக்கத்தைச் சற்று அமுக்கிக் காட்டும், சொத்தை அப்படியே இருக்கும். வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, எச்சில் விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமப்பட்டாலோ பல் கிளினிக் எங்கே திறந்திருக்கிறது என்று தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.