உடைந்த டைல்ஸில் தெருச்சுவர் மொசைக்: உதிராமல் ஒட்டுவது எப்படி?

டைல்ஸ் கடைக்குப் பின்னால் மூட்டையாகக் கிடக்கும் உடைசலே இதற்குப் போதும். பார்சிலோனாவின் குயெல் பூங்காவில் அந்த நீண்ட வளைந்த பெஞ்சைப் போர்த்தியிருப்பது உடைந்த ஓடுகள்தான்; பூங்கா கட்டடக் கலைஞர் கௌடியுடையது, பெஞ்சின் ஓட்டு வேலையில் அவருடன் வேலைபார்த்த ஜுஜோலின் கை. சண்டிகரில் நேக் சந்த் உடைந்த வளையலையும் பீங்கானையும் வைத்துப் பாறைத் தோட்டத்தையே உருவாக்கினார். 1976இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. மொசைக்குக்கென்றே செய்யப்படும் இத்தாலிய வண்ணக் கண்ணாடியான ஸ்மால்டி அழகுதான். நம் தெருவுக்கு அந்தச் செலவு எதற்கு?

1. சுவருக்கு உரியவரின் அனுமதி, சாக்பீஸில் படம்: இவை முடிந்ததாக வைத்துக்கொள்வோம். சுவரில் பெயின்ட் இருந்தால் சிமென்ட் பூச்சு தெரியும்வரை சுரண்டுங்கள். பெயின்ட் மேல் ஒட்டினால் பெயின்டோடு சேர்ந்து உரியும்.

2. எல்லோரும் துண்டுகளை நிறம் பார்த்துப் பிரிப்பார்கள். முதலில் முதுகைப் பார்த்துப் பிரியுங்கள். பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் அது சாதா செராமிக். சொட்டு அப்படியே உருண்டு நின்றால் விட்ரிஃபைடு, அதாவது கண்ணாடிபோல் இறுகச் சுட்ட டைல். அது தண்ணீர் குடிப்பது 0.5 சதவீதத்துக்கும் குறைவு. சிமென்ட் பால் உள்ளே இறங்கிப் பிடிக்க அதில் இடமே இல்லை.

மேஸ்திரி “வெறும் சிமென்டே போதும், மொட்டை மாடியில் அப்படித்தானே பதிக்கிறோம்” என்பார். மாடியில் சில்லு படுத்துக் கிடக்கிறது, சுவரில் தொங்குகிறது. வெயிலில் சுவர் விரிந்து சுருங்கும்போது விட்ரிஃபைடு துண்டுகள்தான் முதலில் விழும். பாலிமர் கலந்த டைல் அடெசிவ் வாங்குங்கள்; பையில் விட்ரிஃபைடுக்கும் வெளிச்சுவருக்கும் ஏற்றது என்று இருக்க வேண்டும்.

3. கோணிப்பைக்குள் வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். வளைவுகளுக்குச் சக்கரம் வைத்த நிப்பர் (டைல் நறுக்கும் இடுக்கி) நல்லது. கட்டிங் மெஷினை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்: தூசு நுரையீரலுக்கு ஆகாது, நேர்விளிம்பும் மொசைக்கின் களையைக் கெடுக்கும்.

4. இரண்டு கை அகலத்துக்கு மட்டும் அடெசிவ் பூசுங்கள். துண்டின் முதுகிலும் கொஞ்சம் தடவி, அழுத்தி, லேசாக அசைத்து ஒட்டுங்கள். சற்று நேரம் கழித்துப் பூச்சை விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டவில்லையென்றால் பாலில் படிவதுபோல் மேலே ஆடை படிந்துவிட்டது. தண்ணீர் தெளிக்காமல் சுரண்டி எறியுங்கள். நம் வெயிலில் இது வேகமாக நடக்கும், அதனால் நிழல் விழும் நேரத்தில் வேலை வைத்துக்கொள்ளுங்கள்.

5. குறைந்தது ஒரு நாள் விட்டுக் கிரவுட், அதாவது துண்டுகளுக்கு இடையிலான சந்தை அடைக்கும் கலவை. சந்து 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மணல் கலந்த கிரவுட், இல்லையென்றால் விரிசல் விடும். நிறம் அடர்சாம்பலாக இருக்கட்டும். வெள்ளைக் கிரவுட்டில் படம் வெளுத்துப்போகும், தெருத்தூசியும் தெரியும். கிரவுட் இறுகத் தொடங்கியதும் நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடையுங்கள். அப்புறம் ஆசிட் ஊற்றிக் கழுவுவது வேண்டவே வேண்டாம், சந்தை அரித்துவிடும்.

பின்சேர்க்கை: முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு கறுக்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அடெசிவின் காரமும் ஈரமும் பின்பக்க ரசத்தைத் தின்றுவிடுகின்றன. கண்ணாடியை மட்டும் சிலிக்கான் பசையால் ஒட்டுங்கள். வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கானும் ரசத்தை அரிக்கும், அதனால் டியூபில் நியூட்ரல் என்று இருக்கிறதா பாருங்கள். குழந்தைகள் கை எட்டும் உயரத்தில் கண்ணாடியே வேண்டாம்.